நீதிமன்றப் பணியாளர் நிர்வாகம்: பதிவாளர் முதல் நீதிமன்ற மேலாளர் வரை

நீதிமன்றம் என்றதும் நீதிபதியும் வழக்கறிஞர்களும்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் ஒரு மனு தாக்கலாகும் நாள் முதல் தீர்ப்பின் நகல் கைக்குக் கிடைக்கும் நாள் வரை அதைத் தொட்டு நகர்த்துபவர்கள் வேறு. மனுவைச் சரிபார்த்து எண் கொடுப்பவர், வழக்குக் கட்டுகளைப் பாதுகாப்பவர், எதிர்த்தரப்புக்குச் சம்மனைச் சார்வு செய்பவர், சாட்சியத்தைத் தட்டச்சு செய்பவர், நகல் எடுப்பவர், எடுத்த நகலை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர் என்று அந்த வரிசை நீளும். இவர்களில் ஒருவர் இடத்தில் ஆள் இல்லை என்றாலும் வழக்கு ஒரு வாய்தா தள்ளிப்போகும்.

இவர்களை வேலைக்கு எடுப்பது யார்? இடமாற்றம், பதவி உயர்வு, தண்டனை, ஓய்வூதியம் ஆகியவை யார் கையில் இருக்கின்றன? தனியார் நிறுவனம் என்றால் மனிதவள மேலாளர் என்று ஒரே சொல்லில் விடை கிடைக்கும். இந்திய நீதிமன்றங்களில் அப்படி ஒரு பெயர் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்புதான் எட்டிப் பார்த்தது. ஆனால் அந்த வேலை முந்நூறு ஆண்டுகளாக இருந்து வருகிறது. பெரும்பாலும் அது பதிவாளர் என்ற பதவிக்குள் அடங்கியிருந்தது. (பத்திரம் பதியும் சார்பதிவாளருக்கும் இவருக்கும் தொடர்பில்லை. மாணவர்கள் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு.)

இது வெறும் அலுவலக நடைமுறை பற்றிய செய்தி போலத் தோன்றலாம். உண்மையில் இதற்குள் இரண்டு அச்சங்கள் நெடுங்காலமாக மோதிக்கொண்டிருக்கின்றன. நாட்டில் மிக அதிக வழக்குகளில் ஒரு தரப்பாக நிற்பது அரசுதான். நீதிமன்ற எழுத்தரின் சம்பளமும் இடமாற்றமும் அந்த அரசின் கையிலேயே இருந்தால், வழக்காடுபவர் ஒருவரே நீதிமன்றத்தின் சாவியையும் வைத்திருப்பதாகும். இது முதல் அச்சம். சரி, எல்லாவற்றையும் நீதிபதியிடமே கொடுத்துவிடலாம் என்றால், அவரால் பாதிக்கப்படும் எழுத்தர் எந்த நீதிமன்றத்தின் படியேறுவது? இது இரண்டாவது அச்சம். சென்னையிலும் பின்னர் இந்தியா முழுவதிலும் இந்த இரண்டுக்கும் நடுவே வழி தேடிய வரலாற்றையே இக்கட்டுரை சொல்கிறது.

கட்டணத்தில் வாழ்ந்த அலுவலர்கள்

சென்னைப் பட்டணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 1688-இல் மேயர் நீதிமன்றத்தைத் தொடங்கியது. 1726-ஆம் ஆண்டின் அரச சாசனம் அதைச் சென்னை, பம்பாய், கல்கத்தா மூன்றிலும் புதிய வடிவில் அமைத்தது. சென்னையில் 1798-இல் ரெக்கார்டர் நீதிமன்றமும் 1801-இல் சுப்ரீம் கோர்ட்டும் வந்தன. இந்தச் சுப்ரீம் கோர்ட் இன்று டெல்லியில் உள்ள உச்ச நீதிமன்றம் அன்று. சென்னை நகருக்கும் அங்கிருந்த ஆங்கிலேயருக்குமான அரசரின் நீதிமன்றம் அது.

அரசரின் பெயரால் நடந்த இந்த நீதிமன்றங்களின் அலுவலர்களில் பலர் மாதச் சம்பளத்தைவிடக் கட்டணத்தையே பெரிதும் நம்பி வாழ்ந்தார்கள். மனுவுக்கு இவ்வளவு, முத்திரைக்கு இவ்வளவு, நகலின் ஒவ்வொரு பக்கத்திற்கும் இவ்வளவு என்று கட்சிக்காரர் கொடுப்பது அலுவலருக்கு வருமானமாகும். எழுத எழுதக் காசு என்றால் எழுத்து நீளத்தானே செய்யும்! வழக்கு விரைவில் முடிவது அலுவலருக்கு இழப்பாகவும் இழுபடுவது ஆதாயமாகவும் இருந்த ஏற்பாடு இது.

பதிவாளர் பதவிக்கு இதைவிடப் பெரிய வருமானம் ஒன்றும் இருந்தது. உயில் எழுதாமல், உரிய வாரிசு அருகில் இல்லாமல் ஓர் ஆங்கிலேயர் இந்தியாவில் இறந்துவிட்டால், அவர் சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பு சுப்ரீம் கோர்ட் பதிவாளரிடம் வரும். சொத்தை விற்று, கடனைத் தீர்த்து, மீதியை இங்கிலாந்திலுள்ள உறவினருக்கு அனுப்ப வேண்டும். அதற்கு அவருக்குத் தரகு உண்டு. மேற்பார்வை பெயரளவில்தான். பாலுக்குப் பூனை காவல் என்ற கதை கல்கத்தாவில் அப்படியே நடந்தது. அங்கே பதிவாளராக இருந்த சர் தாமஸ் டர்ட்டன், 1840-களின் இறுதியில் தம் பொறுப்பிலிருந்த இறந்தோர் சொத்துக்களுக்குக் கணக்குக் கொடுக்க இயலாமல் நொடித்துப்போனார். பணம் வரவேண்டிய கைம்பெண்களும் பிள்ளைகளும் கடல் கடந்து காத்திருந்தார்கள். இதைத் தொடர்ந்து 1849, 1850-ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் அந்தப் பொறுப்பைப் பதிவாளரிடமிருந்து பிரித்து நிர்வாகத் தலைமையர் என்ற தனி அலுவலரிடம் ஒப்படைத்தன. நீதிமன்ற அலுவலர் சம்பளத்திற்கு வேலை செய்பவராக இருக்க வேண்டும், பதவியை ஒரு சொத்துப்போல அனுபவிப்பவராக இருக்கக் கூடாது என்ற எண்ணம் வேரூன்ற இந்த ஊழல் ஒரு காரணமாயிற்று என்று கருதலாம்.

மாவட்டங்களில் பாரசீகப் பெயர்கள்

சென்னை நகருக்கு வெளியே வேறொரு நீதிமன்ற உலகம் இருந்தது. 1802-இல் சென்னை மாகாணத்தில் ஜில்லா நீதிமன்றங்கள் ஏற்படுத்தப்பட்டன. தாமஸ் மன்றோவின் முயற்சியால் 1816-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டங்கள் கிராம முன்சீப், மாவட்ட முன்சீப் பதவிகளைக் கொண்டுவந்தன. இந்த நீதிமன்றங்களின் பணிப் பெயர்களில் பல நவாபு ஆட்சிக் காலத்தின் அலுவல் மொழியான பாரசீகத்தின் வழி வந்தவை.

சிரஸ்தார் என்றால் நூலின் தலைப்பை, அதாவது ஆவணக் கட்டின் முனையைப் பிடித்திருப்பவர் என்பது சொற்பொருள். அலுவலகத்தின் தலைமை எழுத்தர் அவர். நாசர் என்றால் மேற்பார்ப்பவர். நீதிமன்றப் பணமும் கட்டளை நிறைவேற்றமும் அவர் பொறுப்பு. அமீனா என்பது நம்பிக்கைக்குரியவர் என்ற பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து வந்தது. கடன்பட்டவன் வீட்டு அண்டாவையும் கட்டிலையும் ஜப்தி செய்யப் போனவர் அவர்தான் என்பதால், நம் ஊர்களில் அச்சொல் நம்பிக்கையைவிட நடுக்கத்தையே தந்தது. உயர் நீதிமன்றத்தில் நீதிபதிக்கு முன்னால் கோல் ஏந்தி நடக்கும் சோப்தாரும் பாரசீகக் கோலிலிருந்து வந்தவர்தான். மசால்ஜி என்றால் தீவட்டி பிடிப்பவர். தீவட்டி போய் மண்ணெண்ணெய் விளக்கும் போய் மின்விளக்கும் வந்து ஒரு நூற்றாண்டு ஆகிறது. தமிழ்நாட்டு நீதிமன்றங்களின் ஆள்சேர்ப்பு அறிவிப்புகளில் மசால்ஜி பணியிடம் மட்டும் அணையாமல் இருக்கிறது.

இந்த அலுவலர்களிடையே இன்று முற்றிலும் மறைந்துவிட்ட ஒரு பிரிவும் இருந்தது. இந்துச் சட்டத்தை விளக்கப் பண்டிதர்களும் இஸ்லாமியச் சட்டத்தை விளக்க முப்திகளும் நீதிமன்றத்திலேயே சம்பளத்திற்கு அமர்த்தப்பட்டிருந்தார்கள். நீதிபதி ஆங்கிலேயர். அவருக்கு வாரிசுரிமையோ தத்தெடுப்போ பற்றி எதுவும் தெரியாது. பண்டிதர் சொல்வதைக் கேட்டே தீர்ப்பு எழுதுவார். 1812-இல் எல்லிஸ் முதலியோரின் முயற்சியில் தொடங்கிய சென்னைக் கோட்டைக் கல்லூரியின் பணிகளில் ஒன்று இத்தகைய சட்ட அலுவலர்களுக்குப் பயிற்சி தருவது. திராவிட மொழி ஆய்வுக்காக நாம் நினைவுகூரும் அந்தக் கல்லூரி, நீதிமன்றப் பணியாளர் பயிற்சி நிலையமாகவும் இருந்தது என்பது பலர் அறியாதது. 1864-ஆம் ஆண்டின் 11-ஆவது சட்டம் இந்தப் பதவிகளை ஒழித்தது. அதற்குள் தீர்ப்புத் தொகுப்புகளும் சட்ட நூல்களும் அச்சில் பெருகிவிட்டன. பண்டிதரின் நினைவாற்றல் தேவைப்படவில்லை.

பண்டிதரை வீட்டுக்கு அனுப்பிய அந்த அச்சு வேலையில் தமிழ்நாட்டு நீதிமன்றப் பணியாளர் ஒருவருக்கும் பங்குண்டு. மாயூரம் வேதநாயகம் பிள்ளை திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் பின்னர் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்து முன்சீப் ஆனவர். சதர் நீதிமன்றத்தின் 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழில் 'சித்தாந்த சங்கிரகம்' என்று வெளியிட்டார். தமிழின் முதல் நாவலாசிரியர் என்று மட்டும் பாடநூலில் படித்துக் கடந்துவிடுகிறோம். ஆவணக் கட்டுகளிடையே வாழ்ந்த அனுபவம் இல்லாமல் அத்தகைய தொகுப்பு ஒன்றைச் செய்திருக்க முடியாது. சர் தி. முத்துசாமி ஐயரும் மிகச் சிறிய எழுத்தர் வேலையில் தொடங்கி, மாவட்ட முன்சீபாகி, 1870-களின் இறுதியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானவர். அவர் சிலை இன்றும் உயர் நீதிமன்றத்திற்குள் இருக்கிறது. எழுத்தர் மேசையிலிருந்து நீதிபதி மேடை வரை ஓர் ஏணி அன்று இருந்தது. சட்டப் பட்டமும் போட்டித் தேர்வும் வந்தபின் அந்த ஏணி மெல்ல மறைந்து, அலுவலர் பணியும் நீதித்துறைப் பணியும் தனித்தனிப் பாதைகளாகிவிட்டன.

தலைமை நீதிபதியின் கைக்கு வந்த அதிகாரம்

1861-ஆம் ஆண்டின் உயர் நீதிமன்றச் சட்டத்தின்படி, நகரத்தின் சுப்ரீம் கோர்ட்டும் மாகாணத்தின் சதர் நீதிமன்றமும் ஒன்றாக இணைந்து 1862 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் உருவாயிற்று. இரண்டு வேறு மரபுகளில் வளர்ந்த அலுவலகங்கள் ஒரே கூரையின் கீழ் வந்தன. இன்றும் உயர் நீதிமன்றத்தில் அசல் பிரிவு, மேல்முறையீட்டுப் பிரிவு என்ற பாகுபாடு இருப்பதன் வேர் இங்கே உள்ளது.

உயர் நீதிமன்றத்துக்கான காப்புரிமைச் சாசனத்தின் 8-ஆவது பிரிவு நம் பொருளுக்கு முக்கியமானது. வேண்டிய எழுத்தர்களையும் பிற அலுவலர்களையும் நியமிக்கும் அதிகாரத்தை அது தலைமை நீதிபதிக்குத் தந்தது. ஆனால் ஆளுநர் குழு வகுக்கும் விதிகளுக்கும் கட்டுப்பாடுகளுக்கும் உட்பட்டே என்று ஒரு கடிவாளமும் போட்டது. ஆளைத் தேர்ந்தெடுப்பவர் தலைமை நீதிபதி, பணப்பையின் முடிச்சு அரசின் கையில். அடுத்த நூறு ஆண்டுக்கும் மேலாக எழுந்த பூசல்களுக்கு இந்த ஒரு வரியே விதை.

1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் இதே ஏற்பாட்டைத் தொடர்ந்தது. அரசியலமைப்பு நிர்ணய சபையில் 1949 மே மாதம் உச்ச நீதிமன்றப் பணியாளர் பற்றிய விவாதம் வந்தபோது, தலைமை நீதிபதிக்கே முழு அதிகாரம் தரலாமா என்ற கேள்வி எழுந்தது. நீதித்துறைக்குப் போதிய சுதந்திரம் வேண்டும், ஆனால் அது ஆட்சிக்குள் இன்னோர் ஆட்சியாகிவிடக் கூடாது என்பது அம்பேத்கரின் நிலை. ஒரே தகுதியும் ஒரே வேலையும் உடைய இருவரில், நீதிமன்றத்தில் இருப்பவருக்கு ஒரு சம்பளமும் தலைமைச் செயலகத்தில் இருப்பவருக்கு வேறு சம்பளமும் என்றால் அரசு ஊழியரிடையே மனக்குறை வளரும் என்ற நடைமுறைக் கவலையும் அதில் இருந்தது.

முடிவில் உருவானவை உச்ச நீதிமன்றத்துக்கு 146-ஆவது உறுப்பும் உயர் நீதிமன்றங்களுக்கு 229-ஆவது உறுப்பும். பின்னதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். உயர் நீதிமன்ற அலுவலர்களைத் தலைமை நீதிபதியோ அவர் பணிக்கும் நீதிபதியோ அலுவலரோ நியமிப்பார். ஏற்கெனவே நீதிமன்றத்தில் இல்லாத ஒருவரை நியமிக்கும்போது மாநிலப் பணியாளர் தேர்வாணையத்தைக் கலந்துகொள்ள வேண்டும் என்று ஆளுநர் விதி செய்யலாம். பணி விதிகளைத் தலைமை நீதிபதி வகுப்பார். ஆனால் சம்பளம், படிகள், விடுப்பு, ஓய்வூதியம் தொடர்பான விதிகளுக்கு ஆளுநரின், அதாவது நடைமுறையில் அரசின், ஒப்புதல் தேவை. நிர்வாகச் செலவு மாநிலத் தொகுநிதியின் மீது சுமத்தப்பட்டது. ஆகவே சட்டமன்றம் அதைப் பற்றி விவாதிக்கலாம், வாக்கெடுப்பில் வெட்ட முடியாது. சென்னை உயர் நீதிமன்றம் இந்த உறுப்பின்கீழ் 1955-இல் தன் பணி விதிகளை வகுத்துக்கொண்டது. மாவட்ட நீதிமன்றங்கள் மீதான கட்டுப்பாட்டை 235-ஆவது உறுப்பு உயர் நீதிமன்றத்துக்கு அளித்தது.

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் கூட்டாட்சி நீதிமன்றங்களின் செலவையும் பணியாளரையும் முதலில் கருவூலத் துறையும், 1849 முதல் உள்துறையும், 1870 முதல் நீதித் துறையும் கவனித்தன. அந்த நீதித் துறைதான் அதே நீதிமன்றங்களில் அரசுக்காக வழக்காடியது. 1939-இல்தான் நீதிமன்றங்களுக்கென்று தனி நிர்வாக அலுவலகம் அங்கே பிறந்தது. அமெரிக்கா 1939-இல் செய்ததன் ஒரு பாதியை, அதாவது ஆளை நியமிக்கும் உரிமையை, நம் நாட்டுச் சாசனம் 1862-இலேயே செய்துவிட்டது என்பது வியப்புக்குரியது. மறு பாதியான பணவிவகாரம் இன்னும் இங்கே முழுமையாகத் தீரவில்லை.

மூன்று வழக்குகள்

அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த சில ஆண்டுகளிலேயே அது சோதனைக்கு உள்ளாயிற்று. கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் அசல் பிரிவுப் பதிவாளராக இருந்த பிரத்யத் குமார் போஸை, ஒரு நீதிபதி விசாரணை நடத்தி அறிக்கை தந்தபின், தலைமை நீதிபதி 1951-இல் பணிநீக்கம் செய்தார். பணியாளரையெல்லாம் நிர்வகிக்கும் பதிவாளரே பணியாளராக நின்று நியாயம் கேட்ட வழக்கு இது. அவர் எந்த நீதிமன்றத்தில் மனு போட்டார்? அதே கல்கத்தா உயர் நீதிமன்றத்தில்தான். வேறு வழி இல்லை. அங்கே தோற்று உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றார். நியமிக்கும் அதிகாரத்தில் நீக்கும் அதிகாரமும் அடங்கும், உயர் நீதிமன்ற அலுவலரை நீக்கத் தேர்வாணையத்தைக் கலந்தாக வேண்டியதில்லை என்று 1955 நவம்பரில் தீர்ப்பாயிற்று. நீதிமன்றத்தின் சுதந்திரம் இத்தீர்ப்பால் உறுதிப்பட்டது. அதே தீர்ப்பால் நீதிமன்ற ஊழியர் அரசு ஊழியருக்கு உரிய ஒரு பாதுகாப்பை இழந்தார். பாடநூல்கள் முதல் செய்தியை மட்டும் சொல்கின்றன.

இரண்டாவது வழக்கு அசாம், நாகாலாந்து உயர் நீதிமன்றத்தின் சுருக்கெழுத்தர் ஒருவரைப் பற்றியது. தலைமை நீதிபதியின் செயலரும் சுருக்கெழுத்தருமாகப் பணியாற்ற ஒரு பணியிடத்துக்கு அரசு ஒப்புதல் தந்தது. தலைமை நீதிபதி தம் அலுவலகத்தில் இருந்த ஒருவரை அதில் நியமித்தார். அரசோ அந்த இடத்தை நிரப்பும் முறையைத் தானே சொல்ல முற்பட்டது. கணக்காயர் சம்பளச் சீட்டைத் தர மறுத்தார். ஒரு சுருக்கெழுத்தரின் சம்பளம் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு வரை போனது. பணியிடத்துக்குப் பணம் ஒதுக்கியபின் அதில் யாரை அமர்த்துவது என்பதில் அரசுக்கு வேலையில்லை என்று 1971-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

மூன்றாவது ஆந்திரத்தில் நடந்தது. தலைமைச் செயலக ஊழியருக்கு இணையான ஊதியத்தை உயர் நீதிமன்ற ஊழியருக்கும் தர வேண்டும் என்றார் தலைமை நீதிபதி. அரசு மறுத்தது. அரசை நிர்ப்பந்தித்து ஆணையிட முடியாது, ஆனால் தலைமை நீதிபதியின் பரிந்துரையை அரசு தக்க காரணம் இல்லாமல் தள்ளலாகாது என்ற அளவில் உச்ச நீதிமன்றம் நிறுத்திக்கொண்டது. 8-ஆவது பிரிவின் பழைய கடிவாளம் இங்கே இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கிறது. ஆள் என்னுடையவர், அவருடைய ஊதியம் உன் ஒப்புதலுக்குட்பட்டது என்னும் நிலை.

மாவட்ட நீதிபதிகள் விஷயத்தில் இதைவிடப் பெரிய போராட்டம் நடந்தது. ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது அரசா உயர் நீதிமன்றமா என்ற கேள்விக்கு, பாக்சி வழக்கில் 1965-இல் வந்த தீர்ப்பு உயர் நீதிமன்றமே என்று விடையளித்தது. 235-ஆவது உறுப்பிலுள்ள கட்டுப்பாடு என்ற சொல்லுக்குள் ஒழுங்கு நடவடிக்கையும் அடக்கம் என்பது அதன் சாரம். 1974 ஏப்ரல் முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் நீதித்துறை நடுவர்களை நாடெங்கும் உயர் நீதிமன்றத்தின் கீழ் கொண்டுவந்தது.

இரண்டாவது அச்சம்

அரசின் கை விலகியபின் எல்லாம் நேராகிவிட்டதா? இல்லை. கர்நாடக உயர் நீதிமன்றத்தில், தேர்வாணையத்தின் வழியாக நடக்க வேண்டிய தேர்வைச் சுற்றிக் கடந்து, எழுத்தர்களும் தட்டச்சர்களும் பெருமளவில் நியமிக்கப்பட்டார்கள். 1990-இல் உச்ச நீதிமன்றம் அந்த நியமன முறையைக் கடுமையாகக் கண்டித்தது. ஆனால் அதற்குள் அவர்கள் பல ஆண்டுகள் வேலை பார்த்துக் குடும்பம் குட்டி என்று வாழ்க்கையை அமைத்துக்கொண்டிருந்தார்கள். மனிதாபிமான அடிப்படையில் அவர்களைத் தொடர விட்டது. விதி மீறப்பட்டதென்று சொல்லிவிட்டு மீறலின் பயனை நிலைக்க விட்டது சரியா என்று கேட்கலாம். வெளியே அனுப்பியிருந்தால் தண்டனை நியமித்தவருக்கா, நியமிக்கப்பட்டவருக்கா என்றும் கேட்க வேண்டும். என் மனம் அந்த எழுத்தர்கள் பக்கமே சாய்கிறது. ஆனால் அறிவிப்பு வந்தால் விண்ணப்பிக்கலாம் என்று அதே ஆண்டுகளில் காத்திருந்த, பெயர் தெரியாத பட்டதாரிகளும் இருந்தார்கள் அல்லவா? அவர்கள் எந்த வழக்கிலும் தரப்பாக இல்லை.

2014-இல் டெல்லி மாவட்ட நீதிமன்றத்தின் கடைநிலைப் பணியிடங்கள் தொடர்பான வழக்கில்தான் இதற்கு உறுதியான வேலி போடப்பட்டது. 229-ஆவது உறுப்பின் அதிகாரம் எல்லையற்றதன்று, சமத்துவத்தையும் சமவாய்ப்பையும் சொல்லும் 14, 16-ஆவது உறுப்புகளுக்கு அதுவும் கட்டுப்பட்டது என்றது உச்ச நீதிமன்றம். நீதிமன்ற வேலை எதுவானாலும், துப்புரவுப் பணியே ஆனாலும், பொது அறிவிப்பு செய்து போட்டி முறையில்தான் ஆளெடுக்க வேண்டும் என்பது நாடு முழுவதற்குமான நெறியாயிற்று. சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் மாவட்ட நீதிமன்றங்களுக்காக 2329 பணியிடங்களை ஒரே அறிவிப்பில் வெளியிட்டது இந்த நெறியின் வழியில்தான். நம் மசால்ஜியும் அதில் இருந்தார்.

பதிவாளரின் மேசையில்

இன்றைய உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதிக்கு அடுத்து நிர்வாகத்தைத் தாங்குபவர் தலைமைப் பதிவாளர். வழக்கமாக மாவட்ட நீதிபதி நிலையிலுள்ள ஒருவரே இப்பதவிக்கு வருவார். அவருக்குக் கீழே நிர்வாகம், கண்காணிப்பு, நீதித்துறை, ஆள்சேர்ப்பு என்று பிரிவுக்கு ஒரு பதிவாளர். மதுரைக் கிளை 2004 ஜூலையில் தொடங்கியபின் அங்கும் ஒரு நிர்வாகம் அமைந்தது. மாவட்டத்தில் முதன்மை மாவட்ட நீதிபதியே பணியாளர் தலைவர். அலுவலகத்தை நடத்தத் தலைமை நிர்வாக அலுவலர், சிரஸ்தார், தலைமை எழுத்தர் என்ற வரிசை உண்டு.

அரசுப் பள்ளியில் பணியாற்றியவர்களுக்குப் பணிப்பதிவேடு என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. ஒரு பதிவு விடுபட்டால் ஓய்வூதியம் மாதக்கணக்கில் நிற்கும். நீதிமன்ற ஊழியரின் நிலையும் அதுவே. முதுநிலைப் பட்டியலில் ஒரு வரி மேலே கீழே போனால் ஒருவரின் பதவி உயர்வு பல ஆண்டுகள் தள்ளிப்போகும். அந்தப் பட்டியலைத் தயாரிக்கச் செய்வதும் ஆட்சேபம் கேட்பதும் தீர்ப்பதும் பணியாளர் நிர்வாகத்தின் அன்றாட வேலை. ஒரே நகல் பிரிவில் நெடுங்காலம் இருந்துவிட்டவரை மாற்ற வேண்டும். மாற்றினால் அந்தப் பிரிவின் பழைய கட்டுகள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தவர் இல்லாமற்போவார். கையூட்டுப் புகார் வந்தால் விசாரிக்க வேண்டும். வாரிசு வேலை கேட்டு வருபவரின் மனுவையும் பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் செய்யும் பதிவாளரும் மாவட்ட நீதிபதியும் அதற்காகப் பயின்றவர்கள் அல்லர் என்பதுதான் சிக்கல். அவர்கள் சட்டம் படித்து வழக்கு விசாரித்தவர்கள். காலையில் கொலை வழக்கில் சாட்சி விசாரித்துவிட்டு, மாலையில் தண்ணீர்த் தொட்டி பழுது, ஓட்டுநர் விடுப்பு, தட்டச்சர் பற்றாக்குறை என்று கோப்பு பார்க்கிறார் மாவட்ட நீதிபதி. ஊழியர் பக்கமும் குறைகள் உண்டு. 1996-இல் அமைந்த ஜெகநாத ஷெட்டி ஆணையம் நீதிபதிகளின் ஊதியத்தோடு, மாவட்ட நீதிமன்ற ஊழியரின் ஊதியத்தையும் பணி நிலையையும் ஆராய்ந்தது. ஊழியர் பற்றிய அறிக்கை வந்தது 2003-இல். அதை நிறைவேற்றும்படி மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2009-இலும் ஆணையிட வேண்டியிருந்தது.

நீதிமன்ற மேலாளர்

இந்த நிலையில்தான் மேலாண்மை படித்தவரை நீதிமன்றத்துக்குள் கொண்டுவரும் யோசனை வந்தது. 13-ஆவது நிதி ஆணையம் 2010 முதல் 2015 வரை நீதித்துறைக்காக ரூ. 5000 கோடி மானியம் பரிந்துரைத்தது. அதில் ரூ. 300 கோடி நீதிமன்ற மேலாளர்களுக்கு. மேலாண்மையில் முதுகலைப் பட்டம் பெற்றவர் ஒருவர் மாவட்ட நீதிபதிக்குத் துணையாக இருந்து பணியாளர், கட்டடம், கணினி, புள்ளிவிவரம் ஆகியவற்றைக் கவனித்தால் நீதிபதி வழக்குகளைக் கவனிக்கலாம் என்பது திட்டம்.

காகிதத்தில் அழகான திட்டம்தான். நடந்தது வேறு. மேலாளர்கள் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில் எடுக்கப்பட்டார்கள். சிரஸ்தாருக்கு மேலா கீழா என்று தெளிவில்லை. யாருக்கும் விடுப்புக் கொடுக்கவோ மறுக்கவோ அதிகாரமில்லை. முப்பது ஆண்டு அனுபவமுள்ள தலைமை எழுத்தர், நேற்று வந்த பட்டதாரி சொல்வதை எதற்காகக் கேட்க வேண்டும்? 1862 முதல் நடந்த இழுபறி எல்லாம் நியமிக்கவும் நீக்கவும் உள்ள அதிகாரம் யார் கையில் என்பதைப் பற்றியதாக இருக்க, அந்த அதிகாரத்தில் ஒரு துளியும் தராமல் மேலாளர் என்ற பெயரை மட்டும் கொடுத்தது, என் பார்வையில், திட்டத்தின் அடிப்படைக் குறை. மானியக் காலம் முடிந்ததும் பல மாநிலங்கள் அதைத் தொடர ஆர்வம் காட்டவில்லை.

அகில இந்திய நீதிபதிகள் சங்கத்தின் வழக்கில் 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதில் தலையிட்டு, மாவட்டம்தோறும் மேலாண்மைப் பட்டம் பெற்ற நீதிமன்ற மேலாளர் வேண்டும், ஏற்கெனவே பணியிலுள்ளவர்களை நிரந்தரப்படுத்த வேண்டும் என்றது. ஏழு ஆண்டுகள் கழித்து 2025 மே 16 அன்று அதே வழக்கில் மீண்டும் ஆணை பிறப்பிக்க வேண்டியதாயிற்று. அசாம் மாநிலத்தின் 2018-ஆம் ஆண்டு விதிகளை மாதிரியாகக் கொண்டு, ஒவ்வோர் உயர் நீதிமன்றமும் மூன்று மாதங்களுக்குள் நீதிமன்ற மேலாளர் பணிக்கு விதிகளை வகுத்து மாநில அரசின் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும் என்பது அந்த ஆணை. விதியை வகுப்பது நீதிமன்றம், ஒப்புதல் தருவது அரசு. காப்புரிமைச் சாசனத்தின் 8-ஆவது பிரிவு போட்ட கோடு 163 ஆண்டுகளுக்குப் பின்னும் அதே இடத்தில்தான் ஓடுகிறது.